எண்பது என்பது தடிப்பா, மெலிவா?: சூரைத் தூண்டில் கோல் குறித்து ஒரு பெருமாநல்லூர் ஆய்வு

1. நிலம்

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்பது மரபு. சுற்றுவட்டாரத்தில் தறி ஓடுவதால் பெருமாநல்லூரும் நெய்தலே என்பது இவ்வாய்வாளரின் துணிபு. “இங்க பனியன் துணிதானுங்க, அது பின்னல்” என்று மறுப்போர் உளர். அவர்களுக்குப் பின்னொரு கட்டுரையில் பதில் தரப்படும். கடலைப் பார்க்கப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் பொன்னானி வரை போகவேண்டும் என்பது சிறு குறையே.

2. சிக்கல்

ஆழ்கடலில் சூரை பிடிக்கும் கோல்கள் 30, 50, 80, 130 என வகைப்படும். எத்தனை பவுண்டு தாங்கும் தங்கூசிக்கு அந்தக் கோல் தோது என்பதே அந்த எண். எண் ஏற ஏறக் கோல் முரடாகும். 80 வாங்கி வந்து காட்டியதும் நூல் ஏஜெண்டான மாமா பதறினார்: “ஏனுங் மாப்ள, எம்பதாம் நம்பர்னா முடியாட்டம் இருக்குமே! இருவது கெடைக்கலீங்களா?”

அவர் சொன்னதில் பிழையில்லை. 840 கெஜம் கொண்ட சிட்டம் ஒரு பவுண்டுக்கு எத்தனை ஏறுகிறதோ அதுவே பருத்தி நூலின் நம்பர். முப்பதாம் நம்பர் என்றால் பவுண்டுக்கு 25,200 கெஜம். எண்பதாம் நம்பர் என்றால் 67,200 கெஜம். மீன்காரர் ‘எத்தனை பவுண்டு?’ என்கிறார், நூல்காரர் ‘ஒரு பவுண்டில் எத்தனை?’ என்கிறார். அதே 80 அங்கே உலக்கை, இங்கே சிலந்தி இழை.

3. சோதனை

தங்கூசியின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு ரீலின் பிடியை இறுக்கி வைப்பது வழக்கம். 80க்கு அது சுமார் 12 கிலோ. ஆகவே குடோனில் 12 கிலோ கட் பீஸ் மூட்டையைக் கட்டித் தூக்கினேன். மூட்டை ஒரு சாண் எழும்பியது. என் குதிகாலும் கூடவே எழும்பியது. அடுத்து நினைவிருப்பது கட்டிங் டேபிளின் கால்.

காரணம் நெம்புகோல். கோலின் அடி வயிற்றில், பிடித்த கை இரண்டடி தள்ளி, மூட்டையோ ஐந்தரை அடியில். 12 கிலோ கைக்கு வரும்போது 33 கிலோ. கோல் வளைவதால் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. சூரைக் கோல்கள் குட்டையாக இருப்பதன் சூட்சுமம் இதுவே.

4. முடிவு

வரிச்சூரைக்கு 30 தாராளம். நடுத்தரக் கேரைக்கு, அதாவது மஞ்சள் துடுப்புச் சூரைக்கு, 50. பெருங்கேரைக்கு 80, ஆனால் பிடிப்பவரின் இடுப்பையும் அளந்தபின்பே. லட்சத்தீவின் மினிக்காய் மீனவர்களுக்கு இந்த வம்பே இல்லை. ரீல் இல்லாத கழியால் வரிச்சூரையைச் சுண்டிப் படகுக்குள் போடுகிறார்கள். கொக்கியில் எதிர்முள் இல்லாததால் மீன் தானே கழன்று விழுகிறது.

முழங்காலுக்கு எண்ணெய் தடவியபடி மாமா எழுப்பிய வினா இன்னும் தீரவில்லை: “மீனப் புடிக்க எம்பது, சரிங்க மாப்ள. உங்களப் புடிக்க எத்தனாம் நம்பர் வேணுமுங்?”