பாறைமீனுக்குக் கோல் புனைதல்: ஓர் ஆய்வு

கடலில் மீன் பிடிப்பதற்காகத் தூண்டிற்கோல் செய்கிறார்கள் என்பது பாமரர் நம்பிக்கை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. கோல் புனைவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருப்பதால்தான் கடற்பயணம் திட்டமிடப்படுகிறது. மீன் என்பது கோலின் தடிமனைத் தீர்மானிக்க உதவும் கருதுகோள் மாத்திரமே. இதுவே எம் துணிபு. சான்றுகள் ஆங்காங்கே வரும்.

முதலில் ஆய்வெல்லை. அந்தமான் கடலில் பெரும் பாறைமீனைப் பிடிக்கப்போவதாகச் சென்னையில் இருந்துகொண்டு சொல்லிவருபவர்கள், அதற்கான கோலைத் தம் கையாலேயே கட்டுபவர்கள், ஆகிய இவ்விரு தகுதியும் ஒருங்கே உடையோரே ஆய்வுக்கு உட்பட்டோர். இவர்கள் பாறைமீனை ‘ஜி.டி.’ என்பர், கோலை ‘ராடு’ என்பர், கட்டுவதை ‘பில்டு’ என்பர், செலவை வீட்டில் ஒன்றும் என்னார். கடையில் ஆயத்தக் கோல் வாங்கிக்கொண்டு அடுத்த விமானம் ஏறுவோர் ஆய்வுக்குப் புறம்பானவர்கள். அவர்கள் வெறுமனே மீன் பிடிப்பவர்கள்.

அற்றேல், கோலே இன்றிக் கைநரம்பாலேயே வஞ்சிரமும் பாறையும் பிடிக்கும் மீனவர் நம் கடற்கரை நெடுக உளரே, கோல் எற்றுக்கு எனின், அவர் மீன் வேண்டிக் கடலுக்குப் போகிறவர். மீன் வேண்டுவோர்க்குக் கோல் மிகை என்பதை யாமும் உடன்படுகிறோம். அது எம் துணிபுக்கு அரணாவதன்றி முரணாகாது என்க.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, முக்கோணக் குச்சிகளாகச் சீவி, ஆறு குச்சிகளை ஒட்டி அறுகோணக் கோல் செய்யத் தொடங்கினர். ஆரம்பத்தில் அதற்கு மூங்கில் போனது இந்தியாவிலிருந்து. ‘கல்கத்தா மூங்கில்’ என்றே அதற்குப் பெயர். பிறகு சீனத்துக் குவாங்டொங்கில் விளையும் டோங்கின் மூங்கில் அதனினும் மேல் என்று கண்டு மாறிக்கொண்டனர். 1940களின் பிற்பகுதியில் கண்ணாடியிழை வந்தது. 1950இல் கொரியப் போரை ஒட்டி அமெரிக்கா சீனச் சரக்குக்குத் தடை போட்டதும் மூங்கிலின் ஆட்சி ஏறக்குறைய முடிந்தது. 1973இல் ஃபென்விக் நிறுவனம் கரியிழைக் கோலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆக, ஒரு காலத்தில் மூங்கிலை அனுப்பிவைத்த நாடு இன்று கரியிழைத் தண்டை விலையும் கொடுத்துச் சுங்கத் தீர்வையும் கட்டி வரவழைக்கிறது. கோல் புனைவோர் இதனை வளர்ச்சி என்று கொள்வர்.

அத்தண்டு வந்து சேரும்வரை, பார்சல் எந்த ஊரில் நிற்கிறது என்று நாளும் பொழுதும் கைப்பேசியைப் பார்த்திருத்தல் முல்லைத் திணையின் இருத்தல் என்னும் உரிப்பொருளின் பாற்படும். சங்கத்து முல்லையில் காத்திருப்பவள் தலைவி, இங்கே தலைவன். தலைவிக்கு உரியது மருதத்து ஊடல். அது தீர்வை ரசீது கண்ணில் பட்ட பொழுதில் நிகழும்.

மீனைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லவில்லை என்றால் ஆய்வு முழுமை பெறாது. விலங்கியலார் காரங்ஸ் இக்னோபிலிஸ் என்று வழங்கும் இப்பெரும்பாறை, பவளப்பாறை விளிம்புகளில் இரை தேடித் திரிவது. தூண்டிலில் பிடித்தவற்றுள் உலகச் சாதனையாகப் பதிவானது 2006இல் ஜப்பானின் டொகாரா தீவுகளில் சிக்கியது. 72 கிலோவுக்கும் மேல். கவ்விய கணத்தில் அது பவளப்பாறையை நோக்கிப் பாயும். தூண்டில் நரம்பு பாறையில் உரசினால் அறுந்துவிடும். ஆகவே அதை ஓடவிடாமல் நிறுத்தியாக வேண்டும்.

இங்கேதான் கோலின் சுயரூபம் வெளிப்படுகிறது. கோலின் அடியை இடுப்பில் ஊன்றி, அதற்கு அரை மீட்டர் மேலே ஒரு கையால் பிடித்திருக்கிறோம் என்று கொள்க. நரம்பு இழுக்கும் நுனி அடியிலிருந்து 2 மீட்டரில் இருக்கிறது. மீன் நரம்பைக் கோலுக்குச் செங்குத்தாக 10 கிலோ விசையில் இழுத்தால், கை தாங்க வேண்டியது 40 கிலோ. உலகத்தைப் புரட்ட ஆர்க்கிமிடீஸ் கேட்ட நெம்புகோல் மீனின் கையில் இருக்கிறது. (மீனுக்குக் கை இல்லை என்பார்க்கு: ஆகுபெயராய்க் கொள்க.) வெறும் நரம்பை இழுப்பவருக்கு 10 கிலோ, பல ஆயிரம் ரூபாய்க் கோலை வைத்திருப்பவருக்கு 40 கிலோ. கோல் வளைய வளைய நெம்புகோல் குறுகும் என்பதே ஒரே ஆறுதல். அதற்காகவே தண்டின் எந்தப் பகுதி முதலில் வளைய வேண்டும், எங்கே விறைக்க வேண்டும் என்று இத்துறையில் இராப்பகலாகப் பேசுகிறார்கள்.

நீண்ட கோல் தூர எறிய உதவும், இழுக்கும்போது முதுகை ஒடிக்கும். குட்டைக் கோலின் குணம் இதற்கு மறுதலை. மேல்நீரில் தண்ணீரை அடித்துக்கொண்டு வரும் ‘பாப்பர்’ கட்டையை எறிய எட்டடி வேண்டும். ஆழத்தில் ஈயத் தகட்டைக் குதிக்கவைக்க ஆறடிக்குள் வேண்டும். காற்று எதிரே அடித்தால் மற்றொன்று. ஒரு மீனுக்கே இத்தனை கோல் எனில் ஒரு கடலுக்கு எத்தனை என்பதைக் கணிதத் துறையினர் ஆராய வேண்டும். எல்லையிலி என்பதே எம் ஊகம்.

இனி இத்துறையின் மாபெரும் வழக்குக்கு வருவோம். பிசின் ஏற்றிய கரியிழைத் துணியைக் கத்தரித்து, நுனி சிறுத்த எஃகுக் கம்பியின்மேல் சுற்றி, நாடாவால் இறுக்கி, உலையில் வேகவைத்துக் கம்பியை உருவிவிட்டால் கிடைப்பது தண்டு. துணியின் ஓரம் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் சுவர் சற்றே தடித்துவிடும். தண்டின் ஒரு முனையை மேசையில் ஊன்றி, நடுவில் அழுத்திக்கொண்டே உருட்டினால், ஓரிடத்தில் அது தானாகவே ‘டக்’கென்று திரும்பி நிற்கும். அவ்விடத்துக்கு முதுகெலும்பு என்று பெயர்.

அந்த முதுகெலும்பை ஒட்டியே நரம்பு ஓடும் வளையங்களைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மீன் இழுக்கையில் கோல் கைக்குள் முறுக்கிக்கொள்ளும் என்பது பழைய கட்சி. முறுக்குவதற்குக் காரணம் வளையங்கள் மேற்புறம் இருப்பதே. பாரம் ஏறிய நரம்பு எப்போதும் அடிப்பக்கம் போகத்தான் பார்க்கும். முதுகெலும்பை எங்கே வைத்தாலும் முறுக்குவது நிற்காது. ஆகவே தண்டு எந்தப் பக்கம் நேராகத் தெரிகிறதோ அதைப் பார்த்துக் கட்டுக என்பது புதிய கட்சி. இரண்டுக்கும் நடுவே சுருளாளர் என்று ஒரு கூட்டம். முதல் வளையத்தை மேலே கட்டி, அடுத்தடுத்தவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் திருப்பி, நுனிக்குப் போவதற்குள் அடிப்புறம் கொண்டுவந்துவிடுவார்கள். இயற்பியல் இவர்கள் பக்கம். ஆனால் பார்க்கிற ஒவ்வொருவரும் “என்ன சார், கோணலாக் கட்டிட்டீங்க?” என்று கேட்பதால் இவர்கள் தொகை பெருகவில்லை.

வடகலை தென்கலை வழக்குகளைக் கண்ட நாட்டுக்கு இது புதிதன்று. யாம் புதிய கட்சி; எனினும் ஒரு பாதுகாப்புக்காக முதுகெலும்பையும் பென்சிலால் குறித்துவைத்துக்கொள்கிறோம். இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. பாப்பர் எறிவோர் பெரும்பாலும் பயன்படுத்தும் ‘ஸ்பின்னிங்’ ரீல் கோலுக்கு அடியில் தொங்குவது. வளையங்களும் அடியில்தான். நரம்பு ஏற்கெனவே போக வேண்டிய இடத்தில் இருப்பதால் முறுக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே நம் ஆய்வுக்குரிய கோலைப் பொறுத்தவரை வழக்கே எழவில்லை. இது இரு கட்சியாருக்கும் நன்றாகத் தெரியும். வாதம் தொடர்கிறது.

வளையங்களைத் தண்டோடு பிணைப்பது நூல். பசையன்று, ஆணியன்று, வெறும் நைலான் நூல். ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று ஏறாமலும் இடைவெளி தெரியாமலும் சுற்றிக்கொண்டே போய், முடிவதற்குச் சற்று முன்பு ஒரு நூல் கண்ணியை உள்ளே வைத்துச் சுற்றி, மிச்ச நுனியை அதில் கோத்து உள்ளே இழுத்துவிட்டால் முடிச்சே இராது. வளையத்தின் காலை முன்கூட்டியே அரத்தால் ராவிச் சரிவாக்கவில்லை என்றால் நூல் அதன்மேல் ஏறும் இடத்தில் ஒரு பள்ளம் விழும். மீனுக்கு அது தெரியப்போவதில்லை. சக கோல் புனைவோர்க்குப் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். நூலின் நிறம் பற்றித் தனி நூலே எழுதலாம்: காப்பாக மேலே எபாக்சிப் பிசின் பூசியதும் சாதா நைலான் ஈரம் பட்ட துணிபோல் கருத்துப்போகும். இளநீலம் என்று தேர்ந்தது கருநீலமாகும். ஒரு வாரம் யோசித்துத் தேர்ந்த நிறம் அரைமணியில் வேறாகி நிற்பதைக் காண்பவன் முகத்தில் எட்டு மெய்ப்பாடுகளில் நகை ஒழிந்த ஏழும் தோன்றும்.

எபாக்சி, இரு திரவங்களைச் சரிபாதியாகக் கலப்பது. சென்னைச் சித்திரை வெயிலில் அது கிண்ணத்திலேயே அவசரப்பட்டு இறுகத் தொடங்கும். பூசிய கோலை அப்படியே கிடத்தினால் ஒரு பக்கம் வழிந்து தொங்கும்; ஆதலால் இறுகும்வரை, அதாவது பல மணி நேரம், மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு மிகவும் உகந்தது நுண்ணலை அடுப்பின் தட்டைச் சுழற்றும் குட்டி மோட்டார். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று. அடுப்பில் தட்டு ஏன் சுற்றவில்லை என்பதை வீட்டார் பின்னரே அறிவர். இரவு முழுவதும் மின்விசிறியை அணைத்து (தூசி), சன்னலைச் சாத்தி (கொசு எபாக்சியில் ஒட்டிக்கொண்டால் அம்பரில் அகப்பட்ட தொல்லுயிராகிவிடும்), ஒருவன் சுழலும் கழியை வியர்க்க வியர்க்கப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இவனைப் பார்த்து, இவன் மீனுக்காகத்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்வார் உளரேல் அவர் காட்சி அளவையையே மறுப்பவர்.

பயணம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பல விமான நிறுவனங்கள் பெட்டியின் நீள அகல உயரங்களின் கூட்டுத்தொகை 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. எட்டடிக் கோலோ 244. மூன்று துண்டாக்கினால் அடங்கும். இணைப்பு வைத்தால் கோலின் உயிரோட்டம் போய்விடும் என்பார் ஒற்றைத் தண்டையே சாக்கடைப் பி.வி.சி. குழாயில் செருகி, இரு முனையும் மூடி, மீனம்பாக்கம் கொண்டுவருவர். அங்கே நடக்கும் உரையாடல் பாலைத் திணைக்குரியது.

கடலில் நடப்பது நெய்தல். அதன் உரிப்பொருள் இரங்கல். இங்கும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. தப்பிய மீனுக்காக இவர்கள் இரங்குவதாக எண்ணுவது பிழை. அவர்கள் பேச்சைக் கூர்ந்து கேட்டால், “அரை அடி குறைச்சிருக்கணும்”, “அடித்தண்டு இன்னும் கொஞ்சம் விறைப்பா இருந்திருக்கணும்” என்றே இருக்கும். இரங்கற்பொருள் கோலே. மீன் சிக்கிவிட்டால் மட்டும் என்ன? படம் எடுத்துக்கொண்டு அதைக் கடலிலேயே விட்டுவிடுவது இவர்கள் மரபு. எதற்காகப் போனான் என்பதை அறியச் சிறந்த வழி, திரும்பும்போது எதைக் கொண்டுவந்தான் என்று பார்ப்பது. போன கோல் வருகிறது. கூடவே அடுத்த கோலின் அளவு வருகிறது.

எஞ்சியது கல்வெட்டியல். கைப்பிடிக்குச் சற்று மேலே, தண்டின்மீது வெள்ளை மையால் நுண்ணெழுத்தில் கட்டியவர் பெயர், நீளம், தாங்கும் நரம்பு, எறியும் எடை, எந்தப் பயணத்துக்கு, எந்த ஆண்டு என்று பொறித்து, அதன்மேல் எபாக்சி பூசிக் காப்பது வழக்கம். இதை மெய்க்கீர்த்தியோடு ஒப்பிடலாம். முதலாம் இராசேந்திரன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம், அதாவது இன்றைய நிக்கோபார், அவன் கொண்ட நாடுகளுள் ஒன்றாக வருகிறது. சோழன் தன் படை போய்வந்தபின் பொறித்தான். கோல் புனைவோன் போகுமுன் பொறிக்கிறான். அக்கடலில் பருவம் ஏறக்குறைய நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும். சுங்கமும் நூல் நிறமும் முதுகெலும்பு விவாதமும் சேர்ந்து ஏப்ரலைத் தாண்டவைப்பது இத்துறையில் இயல்பு. எபாக்சி இறுகியபின் கல்வெட்டைத் திருத்த முடியாது. எனவே ‘அந்தமான் 2025’ என்று பொறித்த கோலை 2026க்குக் கொண்டுபோவது முறையாகாது என்று முடிவு செய்து, புதுத் தண்டுக்கு ஆர்டர் கொடுப்பர்.