குழாய் கேட்ட ரோஜா

ஆள் தேர்ந்தெடுக்கும் கலையை உத்திரமேரூருக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் விதிமுறையையே வெட்டி வைத்துவிட்டார்கள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது வழக்கம். இத்தனை பெருமை இருந்தும், 1992-ன் சிறந்த பாட்டுக் கேசட் எது என்று முடிவு செய்ய எங்களுக்குக் குடமும் கிடைக்கவில்லை, ஓலையும் கிடைக்கவில்லை. எங்கள் ஊருக்கு வாய்த்தவர் ஒரு ரேடியோ செட்டுக்காரர்.

அப்போது நாங்கள் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். காஞ்சிபுரம் மாவட்டம் என்று ஒன்று 1997-ல்தான் வந்தது. கல்யாணம், காதுகுத்து, கூழ் வார்த்தல், தெருக்கூத்துக்கு முந்தின சாயங்காலம் என்று எதுவானாலும் அவர் புளியமரத்தில் ரெண்டு ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவார். அந்தக் குழாயில் வந்தால்தான் அது பாட்டு. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரெக்கார்டிங் கடை உண்டு. நோட்டுத் தாளில் பத்துப் பன்னிரண்டு பாட்டு எழுதி அறுபது நிமிஷக் கேசட்டோடு கொடுத்தால், ரெண்டு நாள் கழித்து பாட்டுப் பெயர்களை முத்து முத்தாக எழுதிய அட்டையோடு திரும்பி வரும். பி பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்திருக்கும். அதன் மிச்சப் பாதியை நாங்களே பாடிக்கொள்வோம்.

என்ன வருஷம் அது! பொங்கலுக்கே மன்னன், சின்னக் கவுண்டர், அமரன் என்று மூன்று. மன்னனில் ரஜினியே ஒரு பாட்டுப் பாடியிருந்தார். யேசுதாஸ் பாடிய அம்மா பாட்டோ கோயில் வாசல்களில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அமரனில் ஆதித்யன் இசைக்கு நடிகர் கார்த்திக் பாடிய வெற்றிலைப் பாட்டை அதிகம் ரசித்தவர்கள் எங்கள் ஊர்த் தாத்தாக்கள். சித்திரையில் சிங்காரவேலன், ஜூனில் தேவாவின் அண்ணாமலை, தீபாவளிக்குத் தேவர் மகன். நடுவில் ஆகஸ்ட் 15 அன்று ரோஜா. செம்பருத்தி படத்தில் ரோஜா என்ற நடிகை அறிமுகமானதும் அதே வருஷம்தான். கேசட் கடையில் ‘ரோஜா இருக்குதாண்ணா?’ என்று கேட்டால், ‘படமா, பொண்ணா?’ என்று கடைக்காரர் திருப்பிக் கேட்ட காலம்.

அந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு ரோஜா கேசட் எங்கள் ஊர்க் குழாயில் ஏறியது. ஒரு பாட்டு முடிந்ததும் செட்டுக்காரர் நிறுத்திவிட்டார். கேசட்டை எடுத்து உதறினார். குச்சியில் பஞ்சு சுற்றி ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தார். மறுபடி போட்டார். காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்டார்.

‘இன்னாடா இது, பாதி வாத்தியத்தையே காணோம்? கடைக்காரன் ஏமாத்திட்டான்.’

கடைக்காரர் ஏமாற்றவில்லை. குழாய்க்கு அடித்தொண்டை கிடையாது. ஆள் குரல், நாதஸ்வரம், உருமி எல்லாம் அதில் அடுத்த ஊர் ஏரிக்கரை வரை கேட்கும். பேஸ் கித்தார் மட்டும் புளியமரத்தை விட்டே இறங்காது. ரோஜாவுக்கு இசையமைத்த ரஹ்மான் கட்டிடத்தை எழுப்பியிருந்ததோ அந்த அடித்தளத்தின் மேல்தான். வலதுக்கும் இடதுக்கும் ஒலி தாவுகிற ஸ்டீரியோ விளையாட்டு வேறு. எங்கள் ரெண்டு குழாயும் ஒரே பாட்டை, ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே பார்த்துக் கத்தின. ஆகவே ரோஜா ஒரு நோஞ்சான் கேசட் என்று தீர்ப்பாயிற்று. மார்கழிக் கடைசியில் டீக்கடை பெஞ்சில் போட்ட பட்டியலில் அண்ணாமலை முதலிடம், தேவர் மகன் ரெண்டு, சின்னக் கவுண்டர் மூன்று. ரோஜா ஒன்பதோ பத்தோ. பிறகு தேசிய விருதுக்குழுவில் இசைக்கு ரோஜாவும் தேவர் மகனும் சரிசமமாக நின்று, தலைவர் பாலு மகேந்திராவின் ஓட்டில் ரோஜா ஜெயித்த செய்தி வந்தது. ‘டில்லியில குழாய் கட்டிக் கேட்டிருக்க மாட்டாங்க’ என்றார் செட்டுக்காரர். 2005-ல் டைம் பத்திரிகை உலகின் பத்துச் சிறந்த திரையிசைகளில் ஒன்றாக ரோஜாவைச் சேர்த்தபோது சொல்லி மகிழ அவர் குழாய்த் தொழிலில் இல்லை.

கல்வெட்டு விதியைப் பார்த்தாலும் அவர் செய்தது சரிதான். வாரியம் என்ற ஊர்க்குழுவுக்கு வயது முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாது. ரஹ்மானுக்கு அப்போது இருபத்தைந்து. கடந்த மூன்று வருஷத்துக்குள் பதவி பார்த்தவரும் கூடாது. இந்த விதி மட்டும் சினிமாவில் இருந்திருந்தால், 1976-ல் அன்னக்கிளிக்கு வந்த இளையராஜா மூன்று வருஷ இடைவெளி விட்டு விட்டுத்தான் குடத்தருகே வந்திருக்க முடியும். நல்லவேளை, சோழர்கள் கோடம்பாக்கம் பக்கம் வரவில்லை.

இப்போது பட்டியல் போட பெஞ்சு வேண்டாம். டிசம்பர் பிறந்ததும் போனே சொல்லிவிடுகிறது, இந்த வருஷம் உங்களுக்கு எது பிடித்தது என்று. 2024-ல் என் போன் என்னைத் தேவாவின் தீவிர ரசிகர் என்று வாழ்த்தியது. காரணம் எளிது. நடவுக்குச் சேடை ஓட்டும்போது டிராக்டரில் பாட்டுப் போட என் போனைத்தான் டிரைவர் வாங்கிப்போவார். ராத்திரியெல்லாம் அண்ணாமலை ஓடியிருக்கிறது. ஒரு விதத்தில் பழைய பெஞ்சுத் தீர்ப்பு இன்னும் அமலில் இருக்கிறது.

‘புதுசா ஒண்ணுகூட கேக்கலையா மாமா?’ என்றான் ஒரகடத்தில் வேலை பார்க்கும் அக்கா மகன். அவன் புதுசு என்று போட்டுக் காட்டியவற்றைக் கேட்டேன். ஒன்று மஞ்ஞுமல் பாய்ஸில் வந்த குகைப் பாட்டு. அது 1991-ன் குணா. ஒன்று லப்பர் பந்தில் பேட்டைத் தூக்கும்போது ஒலிப்பது. அது 1989-ன் பொன்மனச் செல்வன். வேட்டையனில் மலேசியா வாசுதேவன் பாடுகிறார்; 2011-ல் காலமானவர், செயற்கை நுண்ணறிவு அவரைக் கூட்டிவந்திருக்கிறது. ‘அமரன் போடு’ என்றால் போன் 2024-ன் அமரனைப் போடுகிறது. அதற்கு இசை ரஹ்மானின் அக்கா மகன் ஜி.வி.பிரகாஷ். வெற்றிலைப் பாட்டு வேண்டுமென்றால் கார்த்திக் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று எனக்குப் பிடித்ததைக் குழாய் முடிவு செய்தது. இன்று போன் முடிவு செய்கிறது. குழாய்க்காரரோடு சண்டை போட முடிந்தது. போட்டோம், ஒரு தடவை செட்டையே அணைத்துவிட்டார். போனோடு எப்படிச் சண்டை போடுவது?

அதனால் 2024-ன் பட்டியலை நானே போட்டுவிட்டேன். லப்பர் பந்தில் ஷான் ரோல்டன் சொந்தமாகப் போட்ட மெட்டுகளுக்கு ரெண்டாமிடம். ராயனுக்கு மூன்று, ரஹ்மான் இப்போது வயது வரம்பைத் தாண்டிவிட்டார், ஆட்சேபம் இல்லை. முதலிடம் மெய்யழகன். கோவிந்த் வசந்தா இசையில் கமல் பாடியது, டிராக்டர் ஓடாத நேரத்தில், ஹெட்போன் இல்லாமலே, திண்ணையில் கேட்டாலும் நிற்கிறது. அக்கா மகன் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்களும் ஒப்புக்கொள்ளாவிட்டால் உங்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு வாருங்கள். டீக்கடையில் பெஞ்சு இன்னும் இருக்கிறது.