ஓட்டை இருந்தா ஒண்ணு, இல்லாட்டி சைபர்

வாப்பா இன்ஜினியரு, வா. திண்ணையில கொஞ்சம் தூசி கெடக்குது, பாத்து உக்காரு. பேண்ட்டுல அழுக்கு ஒட்டிக்கிட்டா படிச்சவன்னு எவனும் நம்பமாட்டான்.

பாலிடெக்னிக்குல மூணு வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சு, ஒரு அரியர்கூட இல்லாம முடிச்சிட்டான்னு உங்க ஆயா சேவூரு வரைக்கும் போயி சொல்லிட்டு வந்துட்டா. எனக்கும் பெருமைதான், இல்லேன்னு சொல்லல. நேத்து சாயங்காலம் நம்ம வூட்ல மட்டும் கரண்டு போச்சே, அப்போ மாடத்துல அகலை ஏத்தினது உங்க ஆயா. பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்துக் கம்பி மாத்தினது நானு. நீ இன்னா பண்ண? போன்ல டார்ச்சு அடிச்ச. அதுவும் கட்டை மேல இல்ல, என் மூஞ்சி மேல.

சரி, அது கெடக்குது. மேல இன்னா படிக்கலாம்னு கேக்க வந்திருக்க. சரியான ஆளாத்தான் பார்த்து வந்த. நான் படிச்சது அஞ்சாவது. அதுக்கப்புறம் அம்பது வருஷம் குழித்தறியில கால விட்டு உக்காந்தவன். பெரிய பெரிய படிப்பைப் பத்தி புத்தி சொல்ல என்ன விட்டா ஆரணியில யாரு இருக்காங்க?

கேட்டுக்கோ. கையில அழுக்குப் படாத படிப்பா ஒண்ணு பாரு. அதான் முக்கியம். டிப்ளமோ முடிச்சவனுக்கு லேட்டரல் என்ட்ரின்னு ஒரு கொல்லைப்பக்கக் கதவு இருக்குதாமே. அதுக்குன்னு கவுன்சிலிங் நடத்துவாங்களாம். நேரா பி.ஈ. ரெண்டாவது வருஷத்துல போயி உக்காந்துக்கலாம். தோ, கூப்பிடு தூரத்துல தச்சூர்ல அண்ணா யுனிவர்சிட்டியோட காலேஜே 2009-லேருந்து நடக்குது. தச்சூர்! ஊரு பேர்லயே உளியும் சுத்தியலும் இருக்குது. நீ அதையெல்லாம் கண்டுக்காத. இன்னும் மூணு வருஷம் நோட்டுல வட்டம் போட்டு, அதுக்குள்ள ஒரு கோடு போட்டு, இதான் டிரான்சிஸ்டருன்னு எழுதிக்கினு இரு. டிப்ளமோன்னு சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்க. "மேல படிச்சிக்கினு இருக்கான்"னு சொன்னா குடுப்பாங்களா மாட்டாங்களான்னு யோசிக்கவாவது செய்வாங்க.

கிளாசுல ஐடிஐ-யிலேருந்து வந்த பசங்க சில பேரு இருந்திருப்பானுங்களே, ரெண்டு வருஷம் எலெக்ட்ரீஷியன் முடிச்சிட்டு நேரா டிப்ளமோ ரெண்டாவது வருஷத்துல சேர்ந்தவங்க. அவங்களோட நீ பழகலேன்னு கேள்விப்பட்டேன். நல்ல காரியம் பண்ண. அவனுங்க ஆபத்தான ஆளுங்க. ஃபேஸு எது, நியூட்ரல் எதுன்னு புஸ்தகத்தைப் பார்க்காம சொல்லிடுவானுங்க. அப்பால உனக்கு இன்னா மரியாதை?

இந்த சர்க்காருக்கும் புத்தி இல்ல. டாடா டெக்னாலஜிஸ் கூட சேர்ந்து 71 அரசு ஐடிஐ-யில 2,877 கோடி ரூபா கணக்குப் போட்டு ரோபோவும் கம்ப்யூட்டர் மிஷினும் கொண்டு வந்து வெச்சிருக்காங்க. அதை யாரு தொடுவாங்க? நாம "ஐடிஐ-தானே"ன்னு உதட்டைப் பிதுக்கிறமே, அந்தப் பசங்க. நம்ம புள்ளைங்க மிஷினோட போட்டோவைப் பார்த்து பரீட்சை எழுதுவாங்க. அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்ச பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1000 ரூபா வேற 2024 ஆகஸ்ட்டுலேருந்து வருது. உனக்கும் வந்துதே. ஒரு மாசப் பணத்துல நல்லதா ஒரு மல்டிமீட்டரு வாங்கியிருக்கலாம். நீ இன்னா வாங்கினன்னு நான் கேக்கல. பேட்டரி தீர்ந்துபோற வரைக்கும் பெட்டுல படுத்துக்கினு நீ எதைப் பார்த்தியோ அதுக்குத்தான் போயிருக்கும்.

கோயம்புத்தூரு ஜி.டி. நாயுடுன்னு ஒருத்தரு இருந்தாரு, தெரியுமா? பள்ளிக்கூடத்துல நெலைக்காத மனுஷன். ஓட்டல்ல வேலை செஞ்சு காசு சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, ஓட்டறதுக்கு முந்தி அக்கக்காப் பிரிச்சுப் போட்டு மறுபடி மாட்டினவரு. 1945-ல அந்த ஊர்ல பாலிடெக்னிக்கு வந்ததே அவரு முயற்சியாலதான். வந்த கையோட, நாலு வருஷத்துல சொல்லிக் குடுக்கறதை ரெண்டு வருஷத்துல முடிச்சிடலாம், மிச்ச நேரம் வீண்தான்னாரு. சர்க்காரு ஒத்துக்கல. அவரு வெலகிட்டாரு. பாரு, படிக்காதவன் பேச்சை யாராவது கேப்பாங்களா? நீயும் கேக்காத. ஆனா கெளம்பாம உக்காரு, இன்னும் முடியல.

போன வாரம் எனக்கு "டிஜிட்டல்"னா இன்னான்னு பாடம் எடுத்த இல்ல? ஒண்ணு, சைபர், ரெண்டே எழுத்துல உலகமே ஓடுதுன்னு. நான் ஆச்சரியமா வாயைப் பொளந்துக்கினு கேட்டேனே, ஞாபகம் இருக்குதா? தலையைக் கொஞ்சம் தூக்கி என் தறி மேல பாரு. அங்க ஒரு பெட்டி தொங்குதே, ஜக்கார்டு பெட்டி. அதுல 240 கொக்கி. பக்கத்துல கயித்துல கோத்த அட்டைங்க மாலை மாதிரி தொங்குது பாரு. ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. அட்டையில ஓட்டை இருக்கற எடத்துல ஊசி உள்ள போவும், கொக்கி நிமுந்து நிக்கும், கத்தி வந்து தூக்கும், பாவு இழை மேல ஏறும். ஓட்டை இல்லாத எடத்துல அட்டை ஊசியைத் தள்ளும், கொக்கி வெலகிக்கும், இழை கீழயே கெடக்கும். ஓட்டை இருந்தா ஒண்ணு. இல்லாட்டி சைபர். மயிலு, அன்னம், மாங்காய் எல்லாம் அவ்வளவுதான். உங்க அப்பன் பொறக்கறதுக்கு முந்தியே இந்த வூட்ல பைனரி தொங்கிக்கினு இருந்துது. எலி கடிக்காம நான் பார்த்துக்கினேன், அது ஒண்ணுதான் என் சாமர்த்தியம்.

அந்தப் பெட்டியைப் பண்ணவரு பிரான்சு தேசத்துல லியோன்னு ஒரு பட்டு ஊரு, அங்க ஜக்கார்டுன்னு ஒரு நெசவாளி வூட்டுப் புள்ள. 1804. எங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டான்னு அந்த ஊரு நெசவாளிங்களே மிஷினை ஒடைச்சாங்கன்னு ஒரு கதை இருக்குது. அப்பால இங்கிலாந்துல பாபேஜுன்னு கணக்கு வாத்தியாரு. இந்த அட்டையைப் பார்த்துட்டுத்தான் கணக்குப் போடற மிஷினுக்கும் அட்டை குடுக்கலாம்னு கண்டுபுடிச்சாரு. அவரு வூட்ல ஒரு படம் வெச்சிருந்தாராம், ஜக்கார்டோட படம். பார்க்கறவங்க அச்சடிச்ச படம்னு நெனைப்பாங்களாம். அது 24,000 அட்டை போட்டு நெய்ஞ்ச பட்டு! அமெரிக்காவுல 1890-ல ஜனங்களைக் கணக்கெடுத்ததும் ஓட்டை போட்ட அட்டையிலதான். அந்த அட்டைக் கம்பெனி மத்த ரெண்டு மூணு கம்பெனியோட சேர்ந்து வளந்துதான் ஐபிஎம் ஆச்சு. நீ வேலைக்கு அப்ளிகேஷன் போட்டு வெச்சிருக்கியே, அதே ஐபிஎம்.

இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்னு பார்க்கறியா? நீ அம்பது ரூபா குடுத்து வாங்கி, பிரிக்காமலே பரண்ல போட்ட புஸ்தகம் இருக்குதே, அதுல இருந்துது. தறி ஓயற நேரத்துல படிச்சேன்.

உன் படிப்புல ரெண்டாவது விஷயம், கண்ணாடிக் கம்பி. தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிக்கும் அதை இழுக்கறாங்களாமே. நம்ம பக்கத்துல கம்பத்துக்குக் கம்பம் கறுப்பா ஒரு கேபிளு தொங்குது, நானும் பார்த்தேன். ஒத்தை இழை 125 மைக்ரான் கனம். உள்ள வெளிச்சம் ஓடற நடு நரம்பு வெறும் 9 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தாத்தான் ஒரு மில்லிமீட்டரு. பட்டுப்பூச்சி கக்குற ஒத்தை இழையும் அப்பிடித்தான், மைக்ரான்ல அளக்கற மெல்லிசு. கேபிளு அறுந்தா எப்பிடி சேர்ப்பீங்க? தோலை உரிச்சு, ஸ்பிரிட்டு போட்டுத் துடைச்சு, நுனியை நேரா வெட்டி, ரெண்டு நுனியையும் எதிரெதிரா வெச்சு மின்பொறியில உருக்கி ஒட்டறது. வெட்டு கோணலாச்சுன்னா வெளிச்சம் சிந்திடும். ஒரு ஒட்டுல 0.1 டெசிபலுக்கு மேல போவக் கூடாது.

பாவு பிணைக்கிறவங்களை நீ பார்த்ததில்ல? பழைய பாவு தீர்ற எடத்துல புதுப் பாவோட ஒவ்வொரு இழையா சாம்பலைத் தொட்டு முறுக்கிச் சேர்ப்பாங்க. நாலாயிரம் இழைக்கு மேல இருக்கும். ஒண்ணு மாறிச்சுன்னா பொடவை முழுக்க கோடு ஓடும். முந்தானை விரிக்கற எடத்துல பொண்ணு வூட்டுக்காரங்க கண்ணு நேரா அங்கதான் போவும். டெசிபலெல்லாம் எங்களுக்குத் தெரியாது. கூலியில புடிச்சிக்குவாங்க, அதான் எங்க அளவு. இந்த வேலையை ஒண்ணுபுரத்துலயும் தேவிகாபுரத்துலயும் பொம்பளைங்க பேசிக்கினே செய்வாங்க. அந்த விரலுக்கு ஸ்பிளைசிங் மிஷினைக் குடுத்தா ஒரே வாரத்துல கத்துக்கும். ஆனா குடுக்கக் கூடாது. அவங்க டெலிகாம் படிச்சவங்க இல்லையே!

கிண்டியில இன்ஜினியரிங் காலேஜு இருக்குதே, அது எதுலேருந்து வந்துது தெரியுமா? 1794-ல எட்டுப் பசங்களை வெச்சு நெலம் அளக்கச் சொல்லிக் குடுத்த பள்ளிக்கூடம். சங்கிலி புடிச்சு வெய்யில்ல நின்ன பசங்க. எலெக்ட்ரிக்கலு வந்தது 1930, டெலிகம்யூனிகேஷன் 1945. அதாவது சங்கிலிதான் அப்பன், கம்பிங்கல்லாம் பேரப்புள்ளைங்க. நீ இதை யார் கிட்டயும் சொல்லிடாத, இன்ஜினியருங்க மனசு கஷ்டப்படும்.

தந்தி ஆபீசுன்னு ஒண்ணு இருந்துது. சைக்கிள் மணி கேட்டா தெருவே வாசல்ல வந்து நிக்கும், யாரு வூட்ல எழவோன்னு. கட்டுக் கடான்னு தட்டத் தெரிஞ்சவனுக்குச் சர்க்கார் உத்தியோகம். 2013 ஜூலையோட அதையும் மூடிட்டாங்க. தந்தி செத்துப் போச்சுன்னு தந்தி அடிக்கக்கூட ஆளில்ல. ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா இருந்துது. 2006-ல ஆரம்பிச்சாங்க. நம்ம பக்கத்துப் பசங்களையெல்லாம் பஸ்ஸு வந்து ஏத்திக்கினு போச்சு. 2014 நவம்பர் 1-ஆம் தேதி மூடிட்டாங்க. ஒரே ஒரு திருகாணியை மட்டும் திருகத் தெரிஞ்ச பையன் ஊருக்கு வந்து சும்மா உக்காந்தான். போர்டைப் பிரிச்சு எது செத்துதுன்னு பார்க்கத் தெரிஞ்சவன் அடுத்த மாசமே வேற கம்பெனி பஸ்ஸுல ஏறினான். ஒரு தறி ஓஞ்சா இன்னொரு தறியில உக்காரத் தெரியணும்பா. ஐயையோ, வாய் தவறி நெசமா புத்தி சொல்லிட்டேன். மறந்துடு.

அதனால நெசமாவே கைவேலையில மேல போவணும்னு தோணிச்சுன்னா, அந்த நெனைப்பை அடக்கிக்கோ. வழி நெறைய இருக்கறதுதான் தொந்தரவு. ஒரு வருஷம் அப்ரண்டிஸு போவலாம், அதுக்கு 1961-லேருந்து சட்டமே இருக்குது. கிண்டியில தேசியத் திறன் பயிற்சி நிலையத்துல ஒரு வருஷம் படிச்சு ஐடிஐ-க்கு வாத்தியாராவே வரலாம். கம்பி வேலை அனுபவம் மட்டும் இருக்கறவனுக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுன்னு ஒண்ணு வெக்கறாங்க. பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பாதிப் பரீட்சை முடிஞ்சிடும். அதை எழுதறவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு உன் வயசுப் புள்ளைங்க இருக்கும். நீ ஏன் அந்தக் கூட்டத்துல போயி நிக்கணும்?

இன்னொண்ணு. கைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட்டு இலவசம், விசைத்தறிக்கு 1000. கரண்டு இலவசம், ஷாக்கும் இலவசம். குழித்தறிக்காரன் காலு எப்பவும் மண்ணுக்குள்ள. மழைக்காலத்துல கமண்டல நாகநதி பக்கத்துல இருக்கற வூடுங்கள்ல குழியே கசியும். தலைக்கு மேல இப்போ நெறைய வூட்ல எலெக்ட்ரானிக் ஜக்கார்டு, ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு குட்டி மின்காந்தம், பெட்டிக்கு வர்ற கரண்டு 230 வோல்ட்டு. மேல கரண்டு, கீழ ஈரம், நடுவுல நெசவாளி. எர்த்து குழியில உப்பும் கரியும் போட்டு எத்தனை வருஷமாச்சுன்னு எந்த வூட்லயும் தெரியாது. 30 மில்லி ஆம்பியர் கரண்டு கசிஞ்சாலே அறுத்து விடற சுவிட்சு ஒண்ணு இருக்குதாமே, உன் புஸ்தகத்துல பக்கம் மடிச்சு வெச்சிருந்த. பரீட்சைக்கு வந்துதா? பதினாறு மார்க்கா? நம்ம தெருவுல ஒரு வூட்லயாவது அது இருக்குதான்னு எண்ணிப் பாரு. சைபருன்னு வந்தா ஆச்சரியப்படாத, நீ சொல்லிக் குடுத்த சைபருதான்.

சரி, நேரமாச்சு. எதிர்வூட்ல அந்த எலெக்ட்ரானிக் பெட்டி நாலு நாளா படுத்துக் கெடக்குது. வலப்பக்கம் பன்னெண்டு கொக்கி தூக்க மாட்டேங்குது, மாங்காயில பாதி காணோம். கம்பெனி ஆளு வெளியூர்லேருந்து வியாழக்கெழமை வர்றானாம், வர்றதுக்கே தனிக் காசாம். கல்யாணப் பொடவை, தறியில பாதியில நிக்குது. அந்தம்மா நேத்து வந்து, "உங்க பேரன் ஏதோ கரண்டு படிப்பு படிச்சிருக்கானாமே"ன்னு கேட்டுது. "அவன் இன்ஜினியரு, இதுக்கெல்லாம் வர மாட்டான்"னு சொல்லி உன் மானத்தைக் காப்பாத்திட்டேன்.

இன்னா, எழுந்துட்ட? எங்க போற? அந்த டெஸ்டரு பரண்ல புஸ்தகத்துக்குப் பக்கத்துல இருக்குது, எடுத்துக்கோ. செருப்பைக் கழட்டாத. பெட்டியைத் தொறக்கறதுக்கு முந்தி மெயினை அமுத்திட்டுத் தொறடா.