கையெழுத்துப் போடலாமுங்களா?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கடலைப் பற்றியவை. நம்ம ஊர்ப் பெண்ணொருத்தி ஜெர்மனியில் வகுப்புத் தோழர்களோடு கடலுக்குப் போகப் போகிறாள் என்ற சேதி, சோமனூர் ரயிலடியிலிருந்து கருமத்தம்பட்டி நாலு ரோடு வரை பரவிவிட்டது. ஆகவே இந்த முறை பகுதி முழுக்க அந்தக் கடலுக்கே.

கேள்வி: ஏனுங்க, எங்க பொண்ணு பரிமாற்ற மாணவியா ஜெர்மனி போய்ப் பத்தாவது படிக்கிறாளுங்க. வகுப்போட அஞ்சு நாள் கடலுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். அப்பா அம்மா கையெழுத்து வேணும்னு காகிதம் வந்திருக்குது. கையெழுத்துப் போடலாமுங்களா?
(ஒரு தாயார், சோமனூர்)

பதில்: போடுங்க அம்மிணி. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் பிள்ளையைத் துணிந்து அனுப்பின கை, கடைசி நூறு கிலோமீட்டருக்கு நடுங்க வேண்டாம். இந்தப் பயணத்துக்கு அங்கே ‘கிளாஸன்ஃபார்ட்’ என்று பேர். ராத்திரி பஸ் ஏறி, பகலில் மூன்று கோயிலும் ஒரு அணையும் பார்த்துவிட்டு, மறுநாள் வகுப்பில் தூங்கி விழுகிற சுற்றுலா இல்லை. ஒரே ஊரில் நாலைந்து நாள் தங்குவார்கள். படுக்கை விரிப்பதும் சாப்பிட்ட மேஜையைத் துடைப்பதும் பிள்ளைகள் பாடு. ஒருத்தரை ஒருத்தர் தெரிந்துகொள்வதுதான் அங்கே பாடத்திட்டம்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். கையெழுத்துக்கு மேலே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: ‘உங்கள் பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா?’ யோசித்து எழுத வேண்டியது அந்த வரிதான்.

கேள்வி: ‘தெரியும்’னு எழுதிட்டா என்னங்க? எல்லாப் பிள்ளைகளும் நீந்தறப்ப நம்ம பிள்ளை கரையில உக்காந்தா வெட்கமாப் போயிருமே?
(அதே பெண்ணின் தகப்பனார்)

பதில்: வெட்கம் ஒரு சாயங்காலத்தில் காய்ந்துவிடும். பொய் காயாது. உண்மையையே எழுதுங்கள்.

அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் ‘கடல்குதிரை’ என்றொரு பேட்ஜ் கொடுக்கிறார்கள். தண்ணீரில் குதித்து 25 மீட்டர் நீந்த வேண்டும், தோளளவு ஆழத்தில் கிடக்கும் பொருளை எடுத்து வர வேண்டும். அம்மாமார்கள் அதை நீச்சல் உடையில் பெருமையாகத் தைத்துக் கொடுப்பார்கள். ஆனால் ஜெர்மன் உயிர்காப்புச் சங்கம் அந்தக் குதிரையையே நம்புவதில்லை. அதற்கு அடுத்த வெண்கலப் பேட்ஜ் வாங்கினவரைத்தான் நீச்சல் தெரிந்தவராகக் கணக்கில் சேர்க்கிறது. அதற்குக் கால் மணி நேரம் நிற்காமல் நீந்தி, 200 மீட்டராவது கடக்க வேண்டும்.

இந்தக் கறார் சும்மா வரவில்லை. 1912 ஜூலை 28 அன்று, ஜெர்மனியின் ரூகன் தீவிலுள்ள பின்ஸ் என்ற ஊரில் படகுத்துறைப் பாலத்தின் ஒரு பகுதி ஒடிந்து, நின்றிருந்த கூட்டம் கடலில் விழுந்தது. அன்றைக்கு அந்த நாட்டில் நீச்சல் தெரிந்தவர்கள் சொற்பம். குழந்தைகள் உட்படப் பலர் செத்தார்கள். அடுத்த வருஷமே, 1913 அக்டோபரில், லைப்சிக் நகரத்தில் அந்த உயிர்காப்புச் சங்கம் பிறந்தது. அழுதுவிட்டு வீட்டுக்குப் போகாமல், நீந்தக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தார்கள். அவர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

கேள்வி: ஜெர்மனியில் கடலுக்கு நடுவில் நடந்து போகலாமாமே, நிஜமா?
(எட்டாம் வகுப்பு மாணவன், கருமத்தம்பட்டி)

பதில்: நிஜம்தான் கண்ணு. நம்ம தறிக்காரருக்கு ‘வாட்’ என்றால் கரண்டு. ஜெர்மனியின் வடகடல் கரைக்காரருக்கு ‘வாட்’ என்றால் சேறு! ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கிப் போகும். அப்போது தெரிகிற சேற்றுத் தரைக்குத்தான் அந்தப் பேர். குக்ஸ்ஹாஃபன் ஊரிலிருந்து நொய்வெர்க் தீவுக்குச் சுமார் பத்து கிலோமீட்டர். அந்தத் தூரத்தை நடந்தே கடப்பார்கள், குதிரை வண்டியிலும் கடந்ததுண்டு.

நம் ராமேஸ்வரத்தில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. அங்கே மூன்று மீட்டருக்கு மேல் ஏறுகிற இடங்கள் உண்டு. போன தண்ணீர் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வரும், வழியில் யார் நின்றாலும் காத்திருக்காது. அதனால் வழிகாட்டி இல்லாமல் ஒரு வகுப்பும் அதில் இறங்குவதில்லை. 2009ல் யுனெஸ்கோ இந்தச் சேற்றுத் தரையை உலக இயற்கைப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. சேற்றில் அப்படி என்ன இருக்கிறது என்றால், புழு இருக்கிறது, சிப்பி இருக்கிறது, அதைத் தின்ன வருஷத்துக்கு ஒரு கோடிப் பறவை வருகிறது. நம்ம திருப்பூர் நஞ்சராயன் குளமும் 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம்தான். சேற்றை மதிக்க அத்தனை தூரம் போக வேண்டியதில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு அங்கே போய் வா.

கேள்வி: எந்தக் கடலானாலும் உப்புத்தானுங்களே?
(பெட்டிக்கடைக்காரர், சாமளாபுரம்)

பதில்: உப்புத்தான், ஆனால் படி வேறு. பெருங்கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. ஜெர்மனியின் வடகிழக்குப் பக்கமிருக்கும் பால்டிக் கடலில், ரூகன் தீவுப் பக்கம், அதில் நாலில் ஒரு பங்குதான். ஆறுகள் வந்து கொட்டுவது அதிகம், பெருங்கடலோடு சேருகிற வாய் குறுகல். உப்புக் குறைந்த தண்ணீர் ஆளை மிதக்கவிடுவதும் கொஞ்சம் குறைவு. நீச்சல் தெரியாதவருக்கு அது இன்னொரு எச்சரிக்கை.

கேள்வி: பையனுங்களும் புள்ளைங்களும் ஒண்ணாப் போறாங்களாமே சாமி. எங்க தங்குவாங்க? எனக்கு அதுதான் நெஞ்சுல அடிக்குது.
(அமுச்சி, சோமனூர்)

பதில்: அமுச்சி, அறைகள் தனித்தனி. கூடவே வாத்தியாரும் டீச்சரும் போவார்கள். தங்குவது பெரும்பாலும் ‘இளைஞர் விடுதி’யில். அந்த விடுதியே பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பிறந்ததுதான். 1909 ஆகஸ்டில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி வாத்தியார் பிள்ளைகளை நடைப்பயணம் கூட்டிப் போனார். இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் மேல் ராத்திரி கழிந்தது. பிள்ளைகள் தூங்கினார்கள், வாத்தியார் தூங்கவில்லை. ஊருக்கு ஊர் பிள்ளைகள் தங்க ஓரிடம் வேண்டும் என்று அன்றைக்கு யோசித்தவர், அல்ட்டனா ஊர்க் கோட்டையில் உலகத்தின் முதல் இளைஞர் விடுதியைத் தொடங்கினார். பிள்ளைகளுக்காகக் கண் விழித்த ஒருத்தர் கட்டின வீடு அது. நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி: பிள்ளை சைவம். அங்க என்னத்தச் சாப்பிடும்? ஒரு படி நெய்யும் பருப்புப் பொடியும் கட்டி அனுப்பலாமுங்களா?
(அத்தை, சூலூர்)

பதில்: பொடி போகும், நெய் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நம் நாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் தனியாட்கள் கொண்டுபோகவோ அனுப்பவோ தடை இருக்கிறது. பால்கோவாவும் அதில் அடக்கம். விடுதிகளில் சைவச் சாப்பாடு கேட்டால் கிடைக்கும், முன்கூட்டியே காகிதத்தில் எழுதிவிட வேண்டும். நெய்க்குப் பதிலாக ஒரு மழைக்கோட்டுக்குக் காசு கொடுங்கள். வடகடல் கோடையிலும் 17, 18 டிகிரிதான். நம்ம வங்கக்கடல் 28 டிகிரிக்கு மேல். காற்றுக்கு ஒதுங்கக் கரையில் பெரிய பிரம்புக் கூடை நாற்காலிகள் வரிசையாக நிற்கும். 1882ல் வாதநோயால் சிரமப்பட்ட ஓர் அம்மாள், கடற்கரையில் உட்கார ஆசைப்பட்டு, ரோஸ்டாக் நகரத்துக் கூடை முடைபவர் வில்ஹெல்ம் பார்ட்டல்மனிடம் கேட்டுச் செய்யவைத்தது அது. ஒரு பெண்ணின் ஆசைக்குக் கைத்தொழிலாளி ஒருத்தர் காது கொடுத்தார். இன்றைக்கு அந்தக் கரைக்கே அதுதான் அடையாளம்.

கேள்வி: ‘அவன் பெரிய எம்டன்’ என்கிறோமே, அந்த எம்டனும் அந்தக் கடல்தானா?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், சோமனூர்)

பதில்: அதே கடல்தான். எம்டன் என்பது வடகடல் ஓரத்து ஊர். அந்த ஊர்ப் பேரை வைத்த போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னை மேல் குண்டு வீசி, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்தது. சொல்லாமல் வந்து வேலையை முடித்துப் போகிறவனுக்குத் தமிழில் அன்றைக்குப் பேர் கிடைத்தது. இன்றைக்கு அந்த எம்டன் துறையிலிருந்துதான் போர்க்கும் தீவுக்குப் படகு புறப்படுகிறது. அதில் பள்ளிப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறார்கள். நூறு வருஷத்தில் ஒரு பேருக்கு இதைவிட நல்ல கதி வேண்டுமா?

கேள்வி: இப்படிப் படிப்புக்காக ஜெர்மனி போன முதல் தமிழ்ப் பிள்ளை யார்?
(கல்லூரி மாணவி, அவினாசி)

பதில்: முதல்வர் என்று முத்திரை குத்த நான் துணியமாட்டேன். முன்னோடி என்று ஒருவரைத் தயங்காமல் காட்டுவேன்: மலையப்பன். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, 1714ல் ஐரோப்பா திரும்பியபோது இந்தத் தமிழ் இளைஞரைக் கூட அழைத்துப் போனார். 1716ல் ஹாலே நகரத்தில் சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூல் அச்சானது. அதை எழுதும்போது பக்கத்தில் இருந்து துணை செய்தவர் மலையப்பன். கற்கப் போன பிள்ளை கற்றுக்கொடுத்துவிட்டும் வந்தார். பரிமாற்றம் என்ற சொல்லுக்கு அதுதானே பொருள்? நம் பெண்ணும் அந்த வகுப்புக்கு நாலு தமிழ் வார்த்தை கற்றுக்கொடுத்துவிட்டு வரட்டும்.

கேள்வி: இதெல்லாம் காசுள்ளவன் பிள்ளைக்கு. கூலிக்குத் தறி ஓட்டறவன் பிள்ளைக்குக் கடல் ஏதுங்க?
(விசைத்தறித் தொழிலாளி, சோமனூர்)

பதில்: இத்தனை கேள்வியிலும் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது உங்கள் கேள்விதான். அங்கேயும் ஏழைக் குடும்பங்கள் உண்டு. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளின் வகுப்புப் பயணச் செலவை அரசே முழுசாக ஏற்கிறது. காசில்லாததால் ஒரு பிள்ளை மட்டும் வகுப்பை விட்டு வீட்டில் நிற்கக் கூடாது என்பது அதன் நோக்கம். நம் மாநிலத்திலும் 2022 நவம்பரில், போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளை அரசுச் செலவில் ஷார்ஜா அழைத்துப் போனார்கள். நல்ல காரியம். ஆனால் கடல் பார்க்கப் பரிசு வாங்கியிருக்க வேண்டியதில்லை. பிள்ளையாக இருந்தால் போதும். நம் பள்ளிகள் சுற்றுலா அறிவிக்கும்போது ‘பணம் கட்டினவர் மட்டும்’ என்ற வரியை எடுத்துவிட்டு, விட்டுப்போகும் பிள்ளைகளுக்கு முன்னாள் மாணவர்களிடம் கேட்கட்டும். சோமனூரில் கேட்டால் கொடுக்கிற கை நிறைய இருக்கிறது.

கேள்வி: நம்ம ஊருக்கு மட்டும் ஏன் கடல் இல்லை?
(ஆறாம் வகுப்பு மாணவி, சோமனூர்)

பதில்: ஆடி மாதம் மாடியில் காயப்போட்ட துணி பக்கத்து வீட்டில் போய் விழுமே, அதைத் தள்ளிவிட்டது யார் தெரியுமா? அரபிக்கடல்! மேற்கு மலைத்தொடர் பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்து வைத்திருக்கிறது. கடல் அந்த வாசல் வழியாகக் காற்றாக நம் ஊருக்கு வருகிறது. பல்லடம், உடுமலைக் காற்றாலைகள் அதில்தான் சுற்றுகின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நொய்யல் கரைக் கொடுமணலில் செய்த மணிகள் அதே வாசல் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போயின. கொங்குநாடு கடலைப் பார்க்காமல் இருக்கலாம், பழகாமல் இருந்ததில்லை.

கேள்வி: இங்க ராத்திரி ரொம்ப அமைதி. தறிச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. என்ன பண்ணட்டும்?
(ஜெர்மனியிலிருந்து, அந்த மாணவியே)

பதில்: கடற்கரை விடுதியில் ஜன்னலைத் திறந்து வை கண்ணு. அலையும் தறி மாதிரிதான். போன நாடா திரும்பி வரும், வந்த நாடா திரும்பிப் போகும். அதற்குக் கரண்டு கட் கிடையாது. ஜூன் மாதம் அங்கே சூரியன் பத்து மணிவாக்கில்தான் மறையும். அப்போது சோமனூரில் ராத்திரி ஒன்றரை. அஸ்தமனத்தைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பு. காலையில் பார்க்கட்டும்.

கேள்வி: சரிங்க, அடுத்த பிள்ளை போறதுக்குள்ள நாம இங்க என்ன செய்யணும்?
(பள்ளி ஆசிரியர், கருமத்தம்பட்டி)

பதில்: நீச்சல் கற்றுக்கொடுக்கணும் வாத்தியாரே. நம் அப்பாரு காலத்தில் காய்ந்த சுரைக்காயை முதுகில் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிட்டார்கள். ஒரு சித்திரை மாதத்தில் பிள்ளை மீனாகிவிடும். பிறகு கிணறுகள் வற்றின, நொய்யலில் சாக்கடையும் சாயமும் ஓடின. 2011ல் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டிய அளவுக்குப் போனது. ஆற்றைக் கெடுத்தவர்கள் பெரியவர்கள். நீச்சலை இழந்தவர்கள் பிள்ளைகள். ‘தண்ணிப் பக்கம் போகாதே’ என்று சொல்லி வளர்த்தோம். லீவு நாளில் பிள்ளை எங்கோ ஒரு குட்டையிலோ கடலிலோ இறங்குகிறது, பேப்பரில் சேதி வருகிறது.

மழைக்குப் பின் தண்ணீர் நிற்கிற நல்ல கிணறு வைத்திருக்கும் தோட்டக்காரர்களே, கோடை லீவில் காலை ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள். கரையில் நீச்சல் தெரிந்த இரண்டு பெரியவர்கள் கயிறோடு நிற்கட்டும். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடங்களே, கோவை நீச்சல்குளங்களுக்கு வாரம் ஒரு பஸ் விடுங்கள். அடுத்த முறை அந்தக் காகிதம் சோமனூருக்கு வரும்போது, ‘நீந்தத் தெரியுமா?’ என்ற வரிக்கு எதிரே ‘தெரியும்’ என்று உண்மையாக எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுவோம்.