மன்மதன் எரிந்த மறுநாள்

இசை, ஆடல், சொல்லாடல் ஆகிய மூன்றையும் ஒரே அழைப்பிதழில் அடக்கி, ஆறு மணிக்குக் குத்துவிளக்கேற்றி ஒன்பது மணிக்கு நன்றியுரையோடு முடித்துவிடும் 'கலைமாலை' இலங்கையின் ஊவா மாகாணத்துப் பண்டாரவளை நகருக்குப் பொருந்தக்கூடும். நகரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலோ இம்மூன்றும் மாசி மாதத்துக் காமன் கூத்தில் ஒன்றாகவே வந்து சேர்வதாலும், அது விடியும்வரை ஓயாததாலும், அதனை மாலை என்று வகைப்படுத்துவது ஆய்வுநெறிக்கு ஒவ்வாது.

சிவனின் தவத்தைக் கலைக்கப்போன மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்ததையும் ரதி புலம்பி அவனை மீட்டதையும் ஆடிக்காட்டும் இக்கூத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்தோர் தம்மோடு கொண்டுவந்த சொத்துகளுள் ஒன்று. ஆள்சேர்த்து அழைத்துவந்த கங்காணியின் கடன்கணக்கில் ஏறாத சொத்தும் அதுவே. வளர்பிறையில் கம்பம் ஊன்றிக் காப்புக் கட்டியபின் வேடதாரிகள் விரதம் காப்பர். ரதியாக வருபவரும் மீசை மழித்த ஆடவரே. கதையின் முடிவு லயத்துக் குழந்தைக்கும் தெரியும். லயம் என்பது தொழிலாளர் குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் வீட்டுத்தொடர். இசையிலக்கணத்து லயத்துக்கும் இதற்கும் உறவில்லை எனினும், பக்கத்து வீட்டுத் தாலாட்டில் இந்த வீட்டுக் குழந்தை உறங்கிவிடுவதுண்டு.

கூத்தின் உயிர்நாடி தப்பு, அதாவது மரவளையத்தில் தோலை இழுத்துக் கட்டிய பறை. ஊவா மலைக்குளிரில் அத்தோல் தளர்ந்து மந்தமாக ஒலிக்குமாதலால், அதனை அடிக்கடி நெருப்பில் காய்ச்ச வேண்டும்; தப்பைக் காய்ச்சுபவர் ஒருவர் என்றால், அதே நெருப்பில் குளிர்காய்பவர் இருபதுபேர் என்பதும், அவர்கள் அனைவரும் தம்மைக் கலைக்குழுவினராகவே கருதுவதும் நோக்கத்தக்கன. விடியற்காலையில் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்கு, அதாவது வேலை பகிர்ந்தளிக்கும் அணிவகுப்புக்கு, அழைக்க முற்காலத்தில் அடிக்கப்பட்டதும் இதே தப்புதான். ஆக, தோட்டத்தில் தூக்கத்தின் பகை பகலிலும் இரவிலும் ஒன்றே.

சொல்லாடலின் பொறுப்பு லாவணியைச் சார்ந்தது. மராத்தியர் ஆட்சியோடு தஞ்சைக்கு வந்த இவ்வாதப் பாட்டில், மன்மதன் எரிந்தான் என்போர் எரிந்த கட்சி, எரியவில்லை என்போர் எரியாத கட்சி; கண்ணெதிரே சாம்பல் கிடக்கும்போதும் பின்னவர் தளர்வதில்லை. கொழும்புக்கும் டெல்லிக்கும் இடையில் 1964 இல் நடந்த பேச்சுவார்த்தையையும் ஒருவகை லாவணி எனலாம். அங்கே இத்தோட்ட மக்கள் எந்நாட்டார் என்பதே கேள்வியாயிருக்க, 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என ஒப்பந்தமாகி, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிய முடிவு ஒத்திவைக்கப்பட்டது. கூத்து லாவணியிலும் பொழுது விடிந்துவிட்டால் வாதம் அடுத்த மாசிக்குப் போகும். ஆயினும் அங்கே பாடுவோரை யாரும் கப்பலேற்றுவதில்லை.

மன்மதன் மூன்றாம் நாளில்தான் உயிர்பெறுவான் என்பது மரபு. தோட்ட நிருவாகம் அதுவரை பொறுப்பதில்லை. எரிந்த மறுநாள் காலையிலேயே மன்மதனாக ஆடியவர் முகத்து அரிதாரம் முழுதும் போகாத நிலையில் பிரட்டுக்களத்தில் வந்து நிற்க, பிந்தி வந்தமைக்காகக் கணக்கப்பிள்ளை செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் அவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, பதிகிறார். எரிந்த கட்சியினர் அப்போது பேசாமல் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலையேறுகின்றனர்.