கொதிபாற் குழைவியல்: யூலாந்துத் தமிழ் அடுக்களைகளில் பிரேசில் சீஸ் பாண் பற்றிய ஆய்வு

பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துக்குரிய பாவ் டி கேய்ஜோ எனும் சீஸ் பாண், கோதுமையும் ஈஸ்ட்டும் இன்றி, மரவள்ளி மா, பால், எண்ணெய், முட்டை, சீஸ், உப்பு ஆகியவற்றால் மட்டுமே ஆகும் சிறு உருண்டையாதலின், அதனைப் பாண் என்னும் வகுப்பில் சேர்க்கலாமா என்பதே ஆய்வாளர் எதிர்கொள்ளும் முதற் சிக்கலாகும். டென்மார்க்கில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. ரை தானியத்தால் ஆன ரூப்ரோ எனும் கரிய பாண், ஒரு துண்டு கைதவறி விழுந்தால் அடுத்த அறையில் இருப்பவர் எழுந்துவந்து விசாரிக்கும் அளவுக்குக் கனமுடையது. அதை உண்டு வளர்ந்த நாட்டில், நடுவே வெற்றிடம் உடைய ஒரு பண்டத்தை வேலை மெனக்கெட்டுச் செய்வது ஐயத்துக்குரிய செயலாகவே கருதப்படும்.

இப்பண்டம் 18ஆம் நூற்றாண்டில், தங்கச் சுரங்கங்களால் பெயர்பெற்றதும் கோதுமை அரிதானதுமான மினாஸ் பகுதியில், அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் உழைப்பில் இயங்கிய பண்ணை அடுக்களைகளில் தோன்றியதென்பர். சாவோ பாலோவில் 1967இல் இதன் பெயரையே தாங்கிய கடை ஒன்று தொடங்கப்பட்டதும், பின்னர் அது கிளைகள் பரப்பியதும் வணிக வரலாறு. அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆய்வுக் களமாக, டென்மார்க்கின் யூலாந்துத் தீபகற்பத்தின் மத்தியிலுள்ள பிராண்டே ஊர் தெரிவுசெய்யப்பட்டமைக்குக் காரணம் உண்டு. இலங்கையிலிருந்து 1983க்குப் பின் அகதிகளாகப் புறப்பட்ட தமிழர் பலர் குடியமர்ந்த வட்டாரம் இது. அபிராமி அம்மன் இவ்வூரிலும், சித்திவிநாயகர் அயலிலுள்ள ஹெர்னிங்கிலும் கோயில் கொண்டுள்ளனர். உருளைக்கிழங்கு பயிரிடுவோருக்குச் சொந்தமான கே.எம்.சி. எனும் மாப்பொருள் நிறுவனத்தின் தலைமையகமும் இதே பிராண்டேயில்தான் உள்ளது. மன்னர் ஐந்தாம் ஃபிரெடெரிக்கின் அழைப்பை ஏற்று 1759 முதல் வந்த ஜெர்மன் குடியேறிகள், யூலாந்தின் வறண்ட புதர்வெளிகளில் வேறொன்றும் சரிவர விளையாமையால் உருளைக்கிழங்கை நட்டு, ‘உருளைக்கிழங்கு ஜெர்மானியர்’ என்ற பட்டத்தை ஊராரிடம் பெற்ற வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. இத்தகைய ஊரில், எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும் உருளைக்கிழங்கு மாவைக் கடந்துபோய், தாய்லாந்தில் பொதிசெய்யப்பட்டுக் கப்பலேறி வந்த மரவள்ளி மாவைத் தமிழ்க் கடையில் தேடி வாங்கும் குடும்பங்களின் நடத்தையைப் பொருளியல் கொண்டு விளக்க இயலாது.

வேதியியல் கொண்டு ஓரளவு விளக்கலாம். உருளைக்கிழங்கு மாவின் மணிகள் மரவள்ளியினவற்றை விடப் பெரியவை. நீரை மிகுதியாக உறிஞ்சி வீங்கும் இயல்பின. டேனிஷ்காரர் அதைக் குழம்பைத் தடிப்பாக்கவும் பழக்கூழ் காய்ச்சவும் கையாள்வது அதனாலேயே. அதே இயல்பு சீஸ் பாணுக்கு உகந்ததன்று. எஞ்சிய விளக்கத்தை வரலாற்றில் தேட வேண்டும். மரவள்ளிக்கிழங்கை அவித்துச் சம்பலோடு உண்டும், ஒடியற்கூழில் இட்டும், இலங்கையின் 1970களின் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் பாண் கிடையாத நாளெல்லாம் அதனையே உண்டும் வளர்ந்த தலைமுறை, அதன் மாவை அயலானாகக் கருதுவதில்லை. மரவள்ளி உண்ட நாளில் இஞ்சி ஆகாது என்ற பழைய எச்சரிக்கையும் கடல் கடந்து வந்துள்ளது. கிழங்கின் சயனைடு நஞ்சு மாவைப் பலமுறை கழுவிப் பிரிக்கும்போதே பெரும்பாலும் நீங்கிவிடுகிறது என்று எடுத்துரைத்தாலும், சீஸ் பாண் சுடும் நாளில் இஞ்சித் தேநீரை மறுக்கும் மூத்தோர் மறுத்துக்கொண்டுதான் இருக்கின்றனர்.

மாவிலும் இரு வகை உண்டு. பிரேசிலியர் இனிப்பு மா என்பது வெறும் மரவள்ளி மாப்பொருளே. புளிப்பு மா என்பது அதனைச் சில வாரங்கள் நீரில் புளிக்கவிட்டு வெயிலில் உலர்த்திப் பெறுவது. வெயில் இங்கு வெறும் சிக்கனம் அன்று: புளிப்பும் சூரியனின் புறஊதாக் கதிரும் சேர்ந்தாலொழிய மாவுக்கு அந்த விரியும் திறன் வாய்ப்பதில்லை, அதே மாவைச் சூட்டடுப்பில் உலர்த்தினால் பயனில்லை. டிசம்பரில் பகற்பொழுது ஏறத்தாழ 7 மணி நேரமே நீடித்து, அதுவும் முகிலுக்குள் கழியும் யூலாந்தில் வடாமே காயாதென்பதால், வீட்டிலேயே புளிப்பு மா தயாரிக்கும் முயற்சியை இவ்வாய்வு பரிந்துரைக்கவில்லை.

செய்முறையில் அறிஞர் இரு மரபினராகப் பிரிந்துள்ளனர். மிக்ஸி மரபினர் அனைத்தையும் ஒன்றாக அடித்துக் கிண்ணத் தட்டுகளில் ஊற்றிச் சுடுவர். அவர்களைப் பற்றி மேலும் கூற ஒன்றுமில்லை. அகப்பைக்காம்பு மரபினர் 250 மில்லிலீட்டர் பாலையும் 100 மில்லிலீட்டர் எண்ணெயையும் உப்பையும் பொங்கவிட்டு, 500 கிராம் மாவின் மேல் ஊற்றிக் கிளறுவர். மாமணிகளில் ஒரு பகுதி அச்சூட்டில் வெந்து பசையாகி நீரைப் பற்றிக்கொள்ள, பின்னர் 200 பாகை அடுப்பில் அந்நீர் ஆவியாகி வெளியேற முயல, பசை விடாமல் இழுபட்டு விரிய, உருண்டையின் நடுவே குழி விழுகிறது. ஈஸ்ட்டின் தொழிலை இவ்வாறு வெறும் நீராவி செய்துமுடிக்கிறது. கொழுக்கட்டைக்கு வறுத்த அரிசிமாவில் கொதிநீர் வார்த்துக் காம்பால் கிளறிய கைக்கு இக்கட்டம் புதிதன்று என்பதும், பிரேசிலியச் செய்முறையின் மிகக் கடினமான கட்டத்தை யாழ்ப்பாணத்துக் கை பயிலாமலே அறிந்துள்ளது என்பதும் இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பாகும்.

ஆயினும் அந்தப் பயிற்சியே அடுத்த கட்டத்தில் பகையாகிறது. கலவை ஆறிய பின் 2 முட்டையும் 250 கிராம் துருவிய சீஸும் சேர்ந்ததும், அரிசிமா போலத் திரண்டு வரவேண்டிய குழையல், திரளாமல் மணிக்கட்டு வரை ஏறி ஒட்டிக்கொள்ளும். கை உடனே மாப் பொதியை நாடும். இது தவறு. கூடுதல் மா குழையலின் ஈரத்தைக் குடித்துவிட, சுட்டெடுத்த உருண்டை ரூப்ரோவுக்கு உறவாகிவிடும். செய்யத்தக்கது கையில் எண்ணெய் பூசிக்கொள்வதொன்றே. இரு கைகளும் முழுமையாக ஒட்டிய கணத்தில் தவறாமல் தொலைபேசி ஒலிக்கும் என்ற கருதுகோள் இதுவரை எவராலும் மறுக்கப்படவில்லை.

சீஸ் தெரிவில் டென்மார்க் தாராளமானது. டான்போ எனும் அன்றாடச் சீஸ் மென்மையும் ஈரமும் உடையதாகையால், தனியே இட்டால் உருண்டை தட்டையாகப் படரக்கூடும். யூலாந்தின் மேற்குக் கரையில் முதிரவைக்கப்படும் வெஸ்டர்ஹாவ்ஸ் சீஸைப் பாதிக்குப் பாதி கலந்தால், மினாஸ் சீஸின் உப்புக்கும் காரத்துக்கும் அண்மையில் செல்லலாம். முட்டையும், சிலவகைச் சீஸை உறைய வைக்கும் கன்றின் இரைப்பைச் சாறும் வெள்ளிக்கிழமை விரதத்தோடு ஒத்துப்போகாமையால், பரிசோதனைகளைச் சனிக்கிழமையில் வைத்துக்கொள்வதே பிராண்டேயில் உகந்தது.

சுட்ட உருண்டை 20 முதல் 25 நிமிடத்தில் பொன்னிறம் பெற்று, சூடு இருக்கும்வரை மிருதுவாகவும் இழுவையாகவும் இருக்கும். ஆறியதும் மாப்பொருள் மீண்டும் இறுகி ரப்பர்த் தன்மை அடையும். எனவே சுடாத உருண்டைகளை உறைபெட்டியில் சேமித்து, வேண்டும்போது நேரே அடுப்பில் இடுவதே முறை. காலையில் கட்டி நண்பகலில் திறக்கப்படும் மத்பக்கே எனும் டேனிஷ் மதிய உணவுப் பொதிக்கு இப்பண்டம் பொருந்தாது. பிள்ளைகள் எவ்வளவு முறையிட்டாலும் அப்பொதிக்குள் ரூப்ரோவே தொடர்ந்து வைக்கப்படுகிறது.