அறுபது நாற்பது அண்ணன்

ஹார்த்ஸ்டோன் ஆடும் எந்த நண்பர் கூட்டத்திலும் ஓர் அண்ணன் இருப்பார். வயதில் மூத்தவராக இருக்க வேண்டியதில்லை. எதிராளியின் முகம் திரையில் தெரிந்த மாத்திரத்தில், ஒரு கார்டுகூட இறங்கும் முன்பே, "இது அறுபதுக்கு நாற்பது. நாற்பது நம்ம பக்கம்" என்று பெருமூச்சு விடத் தெரிந்தால் போதும். அண்ணன் பட்டம் தானாக வந்து சேரும்.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2014 மார்ச்சில் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட கணினிச் சீட்டாட்டம் இது. ஆளுக்கு 30 கார்டு கொண்ட ஒரு டெக், 30 உயிர். முதல் சுற்றில் செலவழிக்க ஒரு மானா. சுற்றுக்கு ஒன்றாகக் கூடிப் பத்தில் நிற்கும். எதிராளியின் உயிரை யார் முதலில் தீர்க்கிறாரோ அவர் வென்றார். டெக்கை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். ஒரே கார்டு இரண்டுக்கு மேல் கூடாது, லெஜண்டரி என்றால் ஒன்றே ஒன்று. சாதாரண மனிதர்கள் டெக் கட்டுவது ஆடுவதற்காக. அண்ணனுக்கு டெக்கைத் தேர்ந்தெடுப்பதுதான் ஆட்டம். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் சம்பிரதாயம்.

இரவு பதினொன்றரைக்கு மேல் அவரைப் பார்க்க வேண்டும். கையில் போன், மடியில் லேப்டாப், லேப்டாப்பில் கலர் கலராக ஒரு எக்செல் ஷீட். எந்த டெக் எதை எத்தனை சதவீதம் ஜெயிக்கும் என்ற கணக்கு. பச்சை என்றால் நமக்கு நல்லது, சிவப்பு என்றால் அறுபது நாற்பது. அண்ணன் வாய்விட்டு யோசிப்பார். (அக்ரோ என்றால் வேகமாக அடிக்கும் டெக், கன்ட்ரோல் என்றால் தாங்கி இழுத்தடிக்கும் டெக், காம்போ என்றால் கார்டுகளைச் சேர்த்துவைத்து ஒரேயடியாக முடிக்கும் டெக். வாரியர், மேஜ், ப்ரீஸ்ட், ஹன்ட்டர் எல்லாம் நாயக வகைகள்.)

"நமக்கு இப்ப நடுராத்திரி. ஐரோப்பா சர்வர்ல சாப்பாட்டு நேரம் முடிஞ்சு பசங்க வந்து உக்காருவானுங்க. பசங்கன்னா அக்ரோ. அக்ரோவ அடிக்கக் கன்ட்ரோல் வாரியர். ஆனா இத நான் ஒருத்தன்தான் யோசிப்பனா? எல்லாவனும் யோசிச்சிருப்பான். அப்ப எல்லாவனும் வாரியர். வாரியர அடிக்கக் காம்போ. சரி, அதையும்தான் யோசிச்சிருப்பான். காம்போவ அடிக்க..."

இங்கே நிறுத்தி நெற்றியைத் தேய்ப்பார்.

"அக்ரோ."

இந்த முடிவுக்கு வரும்போது மணி பன்னிரண்டேகால். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, இரண்டிலும் தோற்று, மறுபடி எக்செல்லுக்குப் போய்விடுவார். 100க்கு 60 ஜெயிக்கிற டெக்கேகூட அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்க 100க்கு 16 வாய்ப்பு உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். "தெரியும் தம்பி" என்றார். நிஜமாகவே தெரியும், அந்த 16 அவருடைய ஷீட்டில் தனிக் கட்டத்தில் இருந்தது. "ஆனா இது அந்தப் பதினாறு இல்ல. இது மெட்டா மாறிடுச்சு."

மெட்டா என்பது ஊரில் இப்போது எல்லோரும் எந்த டெக் ஆடுகிறார்கள் என்ற நிலவரம். செய்தித்தாள் வாசிக்காத அண்ணன் மெட்டாவை மணிக்கு ஒருமுறை வாசிப்பார். அவருடைய அகராதியில் மெட்டா என்றால் கடைசியாக அவரை யார் தோற்கடித்தார்களோ அவர்கள்தான். மர்லாக் என்ற மீன்மனிதர்கள் நிறைந்த ஒரு டெக்கிடம் தோற்றார் என்று வையுங்கள். உடனே ஒரு நல்ல கார்டை வெளியே எடுத்துவிட்டு ஹங்க்ரி கிராபை உள்ளே வைப்பார். மர்லாக் ஒன்றைத் தின்று கொழுக்கிற நண்டு அது. அதற்குப் பிறகு மர்லாக் குலமே லேடர் என்ற ரேங்க் ஏணியைவிட்டு எங்கோ போய்விடும். மர்லாக் இல்லாத மேசையில் அந்த நண்டுக்கு அடி 1, உயிர் 2. அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் முழுக்கக் காத்திருப்பார். அடுத்து ஆயுதம் தூக்கிய ஒருவனிடம் தோற்பார். நண்டு வெளியே, ஆயுதத்தை உடைக்கும் ஹாரிசன் ஜோன்ஸ் உள்ளே. அடுத்த எதிராளி, ஆயுதம் பக்கமே போகாத ப்ரீஸ்ட். அதற்கடுத்தவன் மர்லாக்.

இந்த வியாதிக்குச் சரித்திரமே உண்டு என்பதால் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 2014 டிசம்பரில் டாக்டர் பூம் என்று ஒரு கார்டு வந்தது. ஏழு மானா, ஏழு அடி, ஏழு உயிர், கூடவே வெடிக்கிற இரண்டு குட்டி ரோபோ. எந்த டெக்கைத் திறந்தாலும் டாக்டர் இருந்தார். ஏழோ அதற்கு மேலோ அடி உள்ளதை ஒரே அடியில் தீர்க்கும் பிக் கேம் ஹன்ட்டர் என்று ஒரு வேட்டைக்காரன் உண்டு. டாக்டருக்குப் பயந்து ஊரே அவனையும் சேர்த்துக்கொண்டது. வேட்டைக்காரனுக்குப் பயந்து அண்ணன் டாக்டரை டெக்கிலிருந்து வெளியே எடுத்தார். டாக்டரை எல்லோரும் எடுத்திருப்பார்கள் என்று வேட்டைக்காரனையும் எடுத்தார். அன்று இரவு அவர் சந்தித்தவர்கள் அத்தனை பேரும் ஏழாவது சுற்றில் டாக்டரை இறக்கினார்கள். யாரும் எதையும் எடுக்கவில்லை. யோசித்தவர் இவர் ஒருவர்தான்.

இவ்வளவு கேலி செய்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அண்ணன் சொல்லும் கணக்கு சரி. எரிச்சலே அதனால்தான். அந்தக் காலத்து ஃப்ரீஸ் மேஜ் டெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் இருப்பவர்களையெல்லாம் உறையவைத்து நேரம் கடத்தி, அலெக்ஸ்ட்ராஸா என்ற டிராகனை இறக்கி எதிராளியின் உயிரை 15க்குக் கொண்டுவந்து, பிறகு கையில் சேர்த்த மந்திரங்களை மொத்தமாக முகத்தில் கொட்டுவது அதன் தொழில். இரண்டு ஃபயர்பால் 12, இரண்டு ஃப்ராஸ்ட்போல்ட் 6, இரண்டு ஐஸ் லான்ஸ் 8. ஆக 26. பதினைந்தைத் தீர்க்கத் தாராளம். ஆனால் எதிரே வாரியர் உட்கார்ந்திருந்தால் கதை வேறு. அவர் சுற்றுக்கு இரண்டு மானா கொடுத்து இரண்டு கவசம் ஏற்றிக்கொண்டே போவார். டிராகன் உயிரைத்தான் 15 ஆக்கும், கவசத்தைத் தொடாது. ஏறிய கவசம் பதினைந்தைத் தாண்டிவிட்டால் 26 எங்கே எட்டும்? அதனால்தான் திரையில் வாரியரின் முகம், அந்தப் பழுப்பு ஆசாமி கேரோஷ், தெரிந்தவுடனே மேஜ் ஆடுகிறவர்கள் டீ போடப் போவார்கள். அண்ணன் போகமாட்டார். கடைசிச் சுற்றுவரை உட்கார்ந்து, தான் சொன்னபடியே தோற்கிறோமா என்று சரிபார்ப்பார். தோற்றால் அவர் முகத்தில் வருகிற திருப்தி ஜெயித்தால்கூட வராது.

சதவீதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கும் அவரிடம் கணக்கு உண்டு. ரேங்க் முறை 2020 ஏப்ரலில் மாற்றப்படும்வரை, ஐந்தாம் ரேங்கிலிருந்து லெஜண்ட் என்ற உச்ச ரேங்கை எட்ட ஏறத்தாழ 25 நட்சத்திரம் வேண்டியிருந்தது. வெற்றிக்கு ஒன்று கூடும், தோல்விக்கு ஒன்று போகும். 100க்கு 52 ஜெயிப்பவர் 100 ஆட்டத்துக்கு நான்கு நட்சத்திரம் ஏறுவார். 25 ஏறச் சராசரியாக 625 ஆட்டம். 55 ஜெயிப்பவருக்கு 250 ஆட்டம் போதும். "மூணே மூணு சதவீதம் தம்பி. அதுக்கு விலை முந்நூத்தி எழுபத்தஞ்சு ஆட்டம். அந்த மூணு எங்க இருக்கு? டெக் செலக்‌ஷன்ல இருக்கு." மறுக்க முடியாத வாதம். ஆனால் அந்த மூன்றைத் தேடுவதிலேயே இரவு கழிவதால், அவர் ஆடுவது நாளைக்கு நான்கு ஆட்டம். மாதம் முடிந்தால் ரேங்க் எல்லாம் கீழே இறங்கிவிடும், ஆட்டம் முதலிலிருந்து.

தோல்விக்கும் வெற்றிக்கும் அவரிடம் தனித்தனிச் சொல்வளம் உண்டு. எதிராளிக்கு வேண்டிய கார்டு வேண்டிய நேரத்தில் வந்தால் அது டாப்டெக், அதிர்ஷ்டம், அநியாயம். அதே கார்டு அண்ணனுக்கு வந்தால் அவர் அதை எதிர்பார்த்து மூன்று சுற்றாகக் களம் அமைத்துவந்தார். 2016 உலக சாம்பியன் பாவெலின் கையில் பாப்ளிங் புக் என்ற ஒரு மானாப் புத்தகம் தேவையான வேளையில் தேவையான மந்திரத்தைத் தந்தது. அந்தக் கார்டுக்கு 'பாவெல் புக்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அண்ணன் அந்த வருடத்து சாம்பியன் பட்டத்தை இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. அதே வருடம் வந்த யோக்சரான், அதுவரை நாம் போட்ட மந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஈடாக ஒரு மந்திரத்தை யார் மீது என்று பார்க்காமல் வாரி இறைக்கும் பூதம். அதை மட்டும் அங்கீகரிக்கிறார். அது ஒருமுறை அவரை ஜெயிக்கவைத்தது.

ஆட்டத்தோடு நின்றால் பரவாயில்லை. மேஜிக் என்ற இன்னொரு சீட்டாட்டத்தின் ஆட்டக்காரர் மைக் ஃப்ளோரஸ் 1999இல் எழுதிய ஒரு கட்டுரை உண்டு: இரண்டு டெக்குகள் மோதும்போது அடிக்க வேண்டியவர் யார், தாங்க வேண்டியவர் யார் என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்தான் தோற்பார் என்பது அதன் சாரம். அண்ணன் அதை வாழ்க்கைக்கும் பொருத்துவார். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவதாகச் சொன்னபோது, "நீ ஆரம்பத்துலயே எகிறாத. இந்த மேட்ச்அப்ல அவருதான் அக்ரோ, நாம கன்ட்ரோல். இழுத்தடிச்சா அவருக்குக் கை காலியாகும்" என்றார். இழுத்தடித்தோம். கை காலியாகவில்லை. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. "இருபத்தஞ்சு சதவீத லைன் அது. இருந்தாலும் சரியான லைன்" என்று சொல்லிக்கொண்டே அட்டைப் பெட்டி கட்டினார்.

அண்ணனின் அப்பாவுக்கு இந்த விவகாரமே பிடிக்காது. சீட்டு என்றாலே அவருக்கு ஆன்லைன் ரம்மி. "காசு வெச்சு ஆடலப்பா" என்று அண்ணன் விளக்கினால், "காசு வராததுக்கா விடிய விடிய முழிச்சிருக்க?" என்பார். காசு வராதே தவிரப் போவதுண்டு என்பதை, கார்டு பேக் வாங்கிய பில்லை மறைத்துவைத்திருக்கும் அண்ணன் அந்த நேரத்தில் சொல்வதில்லை. அப்போது அவர் எடுக்கும் பிரம்மாஸ்திரம், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. அதில் ஹார்த்ஸ்டோனும் இருந்தது; குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்தார். உண்மைதான். அது காட்சிப் போட்டி, பதக்கப் பட்டியல் கணக்கில் சேராது என்ற இரண்டாவது உண்மையை அண்ணன், ஆட்டத் தொடக்கத்தில் வேண்டாத கார்டை மாற்றிக்கொள்ளும் மல்லிகனில் செய்வதுபோல, திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அம்மாவின் அணுகுமுறை வேறு. அவர் ஜாதகங்களோடு வருவார். "பத்துப் பொருத்தத்துல எட்டு பொருந்துதுடா." அண்ணன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்: "எம்பது சதவீதமா? எத்தனை ஜோடியப் பாத்து எடுத்த கணக்கும்மா?" அம்மா அசரமாட்டார். "ஏழாம் பொருத்தத்தோட உங்கப்பாகூட முப்பத்தஞ்சு வருஷம் ஓட்டலயா? ஜாதகம் எதையும் முடிவு பண்றதில்ல, பொழைக்கிற சாமர்த்தியம்தான்." மேட்ச்அப் பற்றி அந்த வீட்டில் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான கருத்து அதுதான். அண்ணன் குறித்துக்கொள்ளவில்லை.

போன மாதக் கடைசி இரவு அவர் லெஜண்டுக்கு ஒரு வெற்றி தூரத்தில் நின்றார். நாங்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். முக்கால் மணி நேர யோசனைக்குப் பிறகு, பெரிய பெரிய கார்டுகள் நிறைந்த ஒரு மெதுவான டெக்கோடு இறங்கினார். எதிரே வந்தவன் ஹன்ட்டர் ரெக்ஸார், அதிலும் முகத்தை மட்டுமே குறிவைக்கும் பழைய பாணி. "கடைசி நாள்ல எவனும் இத ஆடமாட்டான் தம்பி, எல்லாரும் இதுக்குத் தயாராத்தான் இருப்பாங்க" என்று அண்ணன் சொல்லி முடிக்கும்போது அவர் உயிர் 11. தன் முறை வரும்போதெல்லாம் திரையில் நேரம் காட்டும் கயிறு எரிந்து முடியும்வரை யோசித்தார். எதிராளி அவன் முறையை நாலு வினாடியில் முடித்தான். ஆறாவது சுற்றில் எல்லாம் முடிந்தது.

அண்ணன் போனைத் தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ எதிராளிக்கு நட்பு அழைப்பு அனுப்பினார். தோற்கடித்தவனைத் திட்டுவதற்காகச் சிலர் இப்படிச் செய்வதுண்டு. அண்ணன் அந்த ரகமில்லை, பாராட்டுவதற்காக. எல்லோரும் ஹன்ட்டருக்குத் தயாராக இருப்பார்கள் என்பதால் யாரும் ஹன்ட்டர் ஆடமாட்டார்கள், ஆகவே யாரும் உண்மையில் தயாராக இருக்கமாட்டார்கள் என்று கணித்து ஹன்ட்டர் எடுத்த உன் மதிநுட்பம் அபாரம் என்று ஆங்கிலத்தில் நீளமாகத் தட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. என்னிடம் இருப்பது இந்த ஒரு டெக்தான், ஒரு லெஜண்டரி செய்ய 1600 டஸ்ட் ஆகிறது, என்னிடம் இருப்பது 40 என்று எழுதியிருந்தான் அந்தப் பையன்.

அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். எக்செல்லைத் திறந்து ஒரு புது வரி சேர்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பையன் நம்மவிட ஒரு லெவல் மேல யோசிக்கிறான். கேட்டா ஒத்துக்கமாட்டேங்கிறான் பாரு."